பி.பி.எல். முதல் வி வரை: 04563 வட்டாரத்தின் வீர வரலாறு

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மேற்கே பார்த்தால் அதே மலை. சென்னைக்குப் போக அதே பொதிகை எக்ஸ்பிரஸ். அதற்காக, "ரெண்டும் ஒரே ஊர்தானே" என்று வெளியூர்க்காரர் யாராவது வாயை விட்டால், அன்றைக்கு அவருக்கு இரண்டு ஊரிலும் காபி கிடைக்காது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு ஆண்டாள் இருக்கிறாள், 190 அடிக்கு மேல் கோபுரம் இருக்கிறது, பால்கோவா இருக்கிறது. போதாததற்கு மாவட்ட நீதிமன்றமும் அங்கேதான். கலெக்டர் விருதுநகரில் இருந்துவிட்டுப் போகட்டும், ஜட்ஜ் எங்கள் ஊரில் என்பதில் ஒரு தனி மிதப்பு. ராஜபாளையத்துக்காரரோ மில், சிமென்ட், பேண்டேஜ் துணி, மாம்பழம், 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட முதலமைச்சர் பி.எஸ். குமாரசாமி ராஜா, எல்லாவற்றுக்கும் மேலாகத் தபால்தலையில் இடம்பிடித்த நாய் என்று ஆரம்பித்தால், பஸ் கிளம்பும்வரை நிறுத்தமாட்டார்.

இந்த இரண்டு ஊரையும் ஒன்றாகக் கட்டிப்போட்ட ஒரே ஆள் டெலிபோன் இலாகா. யாரையும் கேட்காமல் இரண்டுக்கும் 04563 என்று ஒரே எஸ்.டி.டி. கோடு கொடுத்துவிட்டது. சண்டையே வரவில்லை. யாரும் நாற்காலியை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை, யார் போர்டையும் கழற்றவில்லை, யார் கடனும் யார் தலையிலும் ஏறவில்லை. பின்னாளில் நம் தலைக்கு மேல் நடந்த கம்பெனி இணைப்புகளில் இந்த மூன்றும் நடந்தன. சோழர்களைப் பற்றிப் பத்து மார்க் கேள்வி கேட்கும் பாடப்புத்தகம் இந்த வரலாற்றைக் கண்டுகொள்ளவில்லை. ஆகவே நாமே எழுதிக்கொள்வோம்.

ஆதியில் டெல்லி நாட்டை வட்டங்களாகப் பிரித்தது. 1994-இல் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை வந்தது, அடுத்த ஆண்டு ஏலம் வந்தது. வட்டத்துக்கு இரண்டு கம்பெனி. தமிழ்நாடு ஒரு வட்டம், ஆனால் சென்னை அதில் சேர்த்தி இல்லை, அது தனி சமஸ்தானம். ராஜபாளையத்திலிருந்து ராத்திரி ரயிலேறி விடிந்ததும் எழும்பூரில் இறங்கினால், சொந்த மாநிலத்தின் தலைநகரில் உங்கள் போன் 'ரோமிங்' என்று காட்டும். நம் ஊர்க்காரர்கள் வெளிநாடு போய்விட்ட மாதிரி பேச்சைச் சுருக்கிக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில் செல்போன் வைத்திருப்பது பேசுவதற்காக அல்ல. தொடக்க வருடங்களில் நிமிஷத்துக்குப் 16 ரூபாய்வரை போனது கட்டணம். வருகிற அழைப்புக்கும் காசு, அதாவது அடுத்தவன் உங்களைத் திட்டுவதற்கும் நீங்களே பணம் கட்டவேண்டும். எனவே பெல் அடித்தால் சட்டைப்பையிலிருந்து எடுப்பார், பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் பார்த்தாயிற்றா என்று பார்ப்பார், கட் செய்வார், எதிரே இருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்துபோய்த் திரும்பக் கூப்பிடுவார். 2003 மே மாதம் வருகிற அழைப்பு இலவசமானது. மிஸ்டு கால் என்னும் மகத்தான மொழி அதற்குப் பிறகு செழித்து வளர்ந்தது.

சென்னை நீங்கலான நம் வட்டத்தில் ஆண்ட முதல் வம்சங்கள் இரண்டு. ஒன்று, டிவியும் பிரிட்ஜும் விற்றுவந்த பி.பி.எல். குடும்பத்தின் மொபைல் கம்பெனி. இன்னொன்று, 1999-இல் தொடங்கிய ஏர்செல். அதன் மூலவர் சி. சிவசங்கரன், அதற்கு முன்பு மலிவு விலைக் கம்ப்யூட்டர் விற்று மற்ற கம்பெனிகளின் வயிற்றில் புளியைக் கரைத்தவர். 98430 என்று எண் தொடங்கினால் பி.பி.எல். பிரஜை, 98420 என்று தொடங்கினால் ஏர்செல் பிரஜை. ஜாதகம் பார்க்கிற மாதிரி எண்ணைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். 2002 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். செல்ஒன் என்று களமிறங்கியதும் 9443 என்ற அரசாங்க ஜாதி ஒன்று உருவானது, வாத்தியார்களும் வி.ஏ.ஓ.க்களும் அந்தப் பக்கம் போனார்கள். 2003-இல் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்கு போனைக் கையில் கொடுத்தது. அந்த ஜாதி எங்கும் இருந்தது.

இந்த இடத்தில், யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத ஒரு நிச்சயதார்த்தத்தைச் சொல்லியாகவேண்டும்.

வடக்கே பிர்லா, அமெரிக்க ஏ.டி. அண்ட் டி., டாடா என்ற மூன்று பெரிய தலைகள் சேர்ந்து ஒரு மொபைல் கம்பெனி நடத்தின. மூன்று பேரின் பெயரையும் சுருக்கிச் சேர்த்து ஊரார் அதற்கு 'படாட்டா' என்று பெயர் வைத்தார்கள். மராத்தியில், குஜராத்தியில் உருளைக்கிழங்கு. 2001-இல் இந்த உருளைக்கிழங்கும் நம்ம பி.பி.எல்.லும் இணையப்போவதாக அறிவிப்பு வந்தது. யார் பங்கு எத்தனை, யார் தலைவர் என்று பேச்சு ஓடியது. அடுத்த வருடமே கைவிட்டார்கள். உருளைக்கிழங்கு 'ஐடியா' என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதற்குள்ளேயே டாடாவும் பிர்லாவும் முட்டிக்கொண்டு, 2006-இல் டாடா தன் பங்கைப் பிர்லாவிடமே விற்றுவிட்டு வெளியேறியது. இந்தப் பெயர்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு வருடம் கழித்து இதே இரண்டு வம்சத்தின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் முகூர்த்தம் குறிக்கப் போகிறார்கள், அதுவும் இரண்டு பேருக்கும் தலை நரைத்து, கையில் கடன் பத்திரம் சேர்ந்த பிறகு.

2006-இல் தமிழ்நாட்டு பி.பி.எல். ராஜ்ஜியம் ஹாங்காங்கிலிருந்து வந்த ஹட்ச் கைக்குப் போனது. எஸ்ஸார் நடுவில் நின்று வாங்கிக் கொடுத்தது. மக்களுக்கு இதெல்லாம் தெரியாது, தெரிந்தது ஒரு நாய். 2003-லிருந்தே டிவியில் ஒரு சின்னப் பையன் பின்னால் சுருங்கிய மூஞ்சியோடு ஒரு பக் நாய் ஓடிக்கொண்டிருந்தது. நீ போகும் இடமெல்லாம் எங்கள் நெட்வொர்க் வரும் என்பது அதன் உபதேசம்.

இந்த விளம்பரம் இந்தியா முழுக்க ஜெயித்தது. ஆனால் ராஜபாளையத்தில் இதைக் காட்டியது எப்பேர்ப்பட்ட துணிச்சல் என்று அந்த விளம்பரக் கம்பெனிக்குத் தெரிந்திருக்காது. தூய வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, பாளையக்காரர்கள் காலத்திலிருந்து வேட்டைக்கும் காவலுக்கும் நின்ற நாய் பிறந்த ஊர் இது. 2005 ஜனவரியில் தபால்துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று எங்கள் நாய். அது ஒரே எஜமானுக்குக் கட்டுப்படும், கம்பெனி மாறினால் கடிக்கும். இங்கே வந்து, மூச்சு வாங்கும் ஒரு சீமை நாய்க்குட்டியைக் காட்டி, "இது போல உன் பின்னாலேயே வருவோம்" என்றால் என்ன அர்த்தம்? ஆனாலும் பாருங்கள், அதே ராஜபாளையத்தில் அதற்கும் "ஹட்ச் நாய்" என்று பெயர் வைத்து, விலை கொடுத்து வாங்கிவந்து, ஏ.சி. ரூமில் படுக்கவைத்தவர்கள் இருந்தார்கள். சொந்த ஊர் நாய் வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நாய்க்கும் ஹட்ச் பெயர் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. 2007-இல் இங்கிலாந்தின் வோடபோன், ஹட்ச்சின் இந்தியக் கம்பெனியில் 67 சதவீதத்தைச் சுமார் 1,100 கோடி டாலருக்கு வாங்கியது. செப்டம்பரில் பெயர் மாற்றம். விளம்பரத்தில் அதே நாய் வெளியே போய்விட்டுத் திரும்பிவரும்போது இளஞ்சிவப்பு வீடு சிவப்பு வீடாகியிருந்தது. நாய் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டவர் வருமானவரித் துறைதான். நிலம் இங்கே, டவர் இங்கே, பேசுகிற வாய் இங்கே. ஆனால் கைமாறிய பங்கு கேமன் தீவில் பதிவான ஒரு கம்பெனியுடையது. அதனால் வரி கிடையாது என்றது வோடபோன். 11,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது அரசு. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வோடபோன் பக்கம் நின்றது. இரண்டு மாதத்தில் நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி, 1962-லிருந்தே செல்லும்படி சட்டத்தைத் திருத்தப்போவதாக பட்ஜெட்டில் சொன்னார். ஆட்டம் முடிந்து ஐம்பது வருடம் கழித்து நோபால் கொடுத்த அம்பயர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். 2021-இல்தான் அரசு அதைத் திரும்பப் பெற்றது.

நம் ஊர் ரீசார்ஜ் கடை அண்ணாச்சிக்கு இவை எல்லாம் பெயின்ட் சமாச்சாரம். கடை ஷட்டரை எந்தக் கம்பெனி இலவசமாக அடித்துக் கொடுக்கிறதோ அதுவே அவர் கட்சி. பி.பி.எல். மேல் ஹட்ச் பிங்க், அதன் மேல் வோடபோன் சிவப்பு. மழையில் ஒரு ஓரம் உரிந்தால் மூன்று நிறம் தெரியும். கீழடியில் அடுக்கடுக்காகக் காலம் கணிக்கிறார்களே, அந்த அறிஞர்கள் பஞ்சு மார்க்கெட் பக்கம் வந்து ஒரு ஷட்டரைச் சுரண்டினால் போதும்.

இனி ஏர்செல். இது நம்ம பையன் கதை, கொஞ்சம் நின்று சொல்லவேண்டும்.

ஹட்ச், வோடபோன் எல்லாம் வந்தேறிகள். ஏர்செல் தமிழ்நாட்டுப் பிறவி. கிராமத்துக்குக் கிராமம் டவர் போட்டது. பாக்கெட் இன்டர்நெட் என்று கையளவு காசுக்கு நெட் கொடுத்தது. தமிழ்நாட்டில் நீண்ட காலம் முதல் இடத்தில் இருந்தது. 2005 கடைசியில் மலேசியாவின் மேக்சிஸ் 74 சதவீதம் வாங்கியது. அதன் அதிபர் ஆனந்த கிருஷ்ணனும் தமிழர், ஈழத்து வேர் உள்ளவர். ஆக, விற்றவர் தமிழர், வாங்கியவர் தமிழர். மிச்ச 26 சதவீதம் அப்போலோ ரெட்டி குடும்பத்துக்கு. சி.எஸ்.கே.யின் மஞ்சள் சட்டையில் ஏர்செல், தோனி கையில் ஏர்செல். 2010 வாக்கில் இன்னும் ஒரு படி மேலே போய்ப் புலிகளைக் காப்பாற்றக் கிளம்பியது. நாட்டில் மிச்சம் இருப்பவை 1,411 புலிகள்தான் என்று டிவியில் ஒரு குட்டிப்புலி அம்மாவுக்காகக் காத்திருக்கும். பார்த்தவர்கள் உருகினார்கள். எந்த உயிரினம் அழியும் நிலையில் இருக்கிறது என்பது அப்போது யாருக்கும் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

2016 செப்டம்பர் 5-ஆம் தேதி முகேஷ் அம்பானி ஜியோவைத் திறந்துவிட்டார். பேச்சு இலவசம், நெட்டும் சில மாதங்களுக்கு இலவசம். ராஜபாளையத்தில் கடை திறக்கும் முன்பே ஆதார் நகலோடு வரிசை நின்றது. அன்னதானத்துக்கு இந்த ஊரில் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. சரியாக ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 14-ஆம் தேதி, அவருடைய தம்பி அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் ஏர்செல்லும் தங்கள் மொபைல் தொழிலை ஒன்றாக்குவதாக அறிவித்தன. பத்திரிகைகள் 'ஏர்காம்' என்று பெயர்கூட வைத்துவிட்டன. இரண்டு தரப்பும் ஆளுக்கு 14,000 கோடி ரூபாய் கடனைப் புதுக் கம்பெனிக்குச் சீதனமாகக் கொண்டுவரும் என்பது ஒப்பந்தம். கடனைச் சீதனமாகக் கொண்டுவரும் சம்பந்தத்தை நம் பக்கத்துத் தரகர் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார், ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவார். ஆனால் பம்பாயில் கைதட்டினார்கள்.

பிறகு ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். கடன் கொடுத்த வங்கிகள் சம்மதிக்கவேண்டும். சீன வங்கி சம்மதிக்கவேண்டும். தனக்குப் பாக்கி என்று எரிக்சன் வழக்குப் போட்டது. மேக்சிஸ் விற்பனை பற்றிய வழக்கில் ஆனந்த கிருஷ்ணன் ஆஜராகாவிட்டால் ஏர்செல்லின் அலைக்கற்றையைக் கைமாற்றத் தடை விதிப்போம் என்றது உச்ச நீதிமன்றம். இதற்குள் ஒரு வருடம் ஓடிப்போனது. தாலிகட்ட வேண்டிய இரண்டு பேரும் மணமேடையில் உட்கார்ந்திருக்க, எதிர் வீட்டுக்காரர் இலவசச் சாப்பாடு போட்டு வந்த கூட்டத்தை எல்லாம் இழுத்துக்கொண்டிருந்தார். 2017 அக்டோபர் 1-ஆம் தேதி கல்யாணம் நின்றுவிட்டதாக அறிவிப்பு வந்தது. சட்டச் சிக்கலும், வேண்டாதவர்கள் செய்த வேலையும் காரணம் என்றது ரிலையன்ஸ் தரப்பு. ஊரில் நின்றுபோகிற எல்லாக் கல்யாணத்துக்கும் இதே இரண்டு காரணம்தான். தம்பி கடைசியில் எரிக்சன் பாக்கிக்காகச் சிறைவாசல் வரை போய், 2019 மார்ச்சில் அண்ணன் பணம் கட்டித் தப்பித்தது தனிப் படலம்.

நமக்கு வேண்டியது 2018 பிப்ரவரி மூன்றாம் வாரம். கமல்ஹாசன் மதுரையில் கட்சி தொடங்கிய அதே நாட்களில் தமிழ்நாட்டில் ஏர்செல் படுத்துவிட்டது. டவர் வைத்திருக்கும் கம்பெனியோடு பணத் தகராறு, டவர்கள் அணைந்தன. காலையில் எழுந்தால் போனில் கோடு இல்லை. முதலில் எல்லாரும் போனைத்தான் சந்தேகப்பட்டார்கள். சிம்மைக் கழற்றி, சட்டையில் துடைத்து, ஊதித் திரும்பப் போட்டார்கள். மாடிக்குப் போனார்கள். பிறகு தெருவுக்கு வந்து பார்த்தால் எதிர்வீட்டுக்காரரும் மாடியில்.

"அண்ணாச்சி, இங்கிட்டு டவர் கிடைக்குதா?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்காம்யா."

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தவர்கள் ராஜபாளையத்தில் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தார்கள்.

மில்லில் ஷிப்ட் மாறுகிறவனுக்கு போன் இல்லை. பேங்க் ஓ.டி.பி. வராது. இன்னொரு வேடிக்கை: செல் எண்ணோடு ஆதாரை இணைக்காவிட்டால் இணைப்பு போய்விடும் என்று அரசு மிரட்டிக்கொண்டிருந்த பருவம் அது. வரிசையில் நின்று, கட்டைவிரலை வைத்து, ரேகை விழவில்லை என்று மறுபடி துடைத்து வைத்து ஏர்செல்லோடு ஆதாரை இணைத்தவர்கள், அடுத்த மாதமே அதே கடையில் ஏர்செல்லை விட்டு விலக வரிசை நின்றார்கள். விலகுவதற்கும் ஒரு வழி இருந்தது. PORT என்று அடித்து 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பவேண்டும். அனுப்பினால் ஒரு கோடு வரும், அந்தக் கோட்டைக் காட்டினால் வேறு கம்பெனிக்கு மாறலாம். எஸ்.எம்.எஸ். அனுப்ப டவர் வேண்டும். டவர் இல்லாததால்தான் மாறவேண்டும். கிணற்றுக்குள் விழுந்தவன் மேலே வந்து கையெழுத்துப் போட்டால் கயிறு விடுவோம் என்கிற கதை. யாரோ ஒரு தெருவில் ஒரு கோடு டவர் தெரிகிறது என்று சொல்ல, அந்தத் தெருவில் கல்யாணக் கூட்டம்போல் ஆட்கள் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிப்ரவரி 28-ஆம் தேதி சுமார் 15,500 கோடி ரூபாய் கடனோடு ஏர்செல் திவால் மனு கொடுத்தது. வேறு கம்பெனிக்கு மாற ஏப்ரல் 15 வரை அவகாசம் தந்தது டிராய்.

அப்படி அடித்துப் பிடித்து வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர், "சீமைக் கம்பெனி, இது எங்கேயும் போகாது" என்று வோடபோனில் அடைக்கலம் புகுந்தார்கள். ஆறு மாதம் தாங்கியது.

2017 மார்ச் 20-ஆம் தேதியே வோடபோனும் ஐடியாவும் இணைவதாக அறிவித்திருந்தன. நம் வட்டத்தைப் பொறுத்தவரை, பழைய பி.பி.எல். வம்சமும் பழைய உருளைக்கிழங்கு வம்சமும். ஐடியா தமிழ்நாட்டுக்கே 2009-இல்தான் வந்தது. அபிஷேக் பச்சனை வைத்து எல்லாப் பிரச்சினைக்கும் ஐடியா கொடுத்துக்கொண்டிருந்தது, தன்னுடையதைத் தவிர. வோடபோன் முட்டைத்தலை ஜூஜூக்களை விட்டது. பஸ் ஸ்டாண்டில் அடுத்தடுத்த குடையின் கீழ் உட்கார்ந்து, ஒரே மேஸ்திரிக்கு இரண்டு கம்பெனிப் பையன்களும் சிம் விற்கப் போட்டிபோட்டார்கள். இப்போது இரண்டு பேரும் ஒரே கம்பெனி. இரண்டில் எந்தக் குடையை மடக்குவது?

இணைப்பில் நிஜமான கஷ்டம் இந்தக் குடைதான். அறிவிப்புக்கும் நிறைவேற்றத்துக்கும் நடுவில் பதினேழு மாதம். கடைசி நேரத்தில் தொலைத்தொடர்புத் துறை, பழைய பாக்கிக்காக ரொக்கமும் வங்கி உத்தரவாதமுமாக 7,268 கோடி ரூபாய் கேட்டது. எதிர்ப்பைப் பதிவுசெய்துவிட்டுக் கட்டினார்கள். 2017 பிப்ரவரியில் 10 கோடி வாடிக்கையாளர் வைத்திருந்த ஜியோ, 2018 ஜூனில் 21.5 கோடியைத் தொட்டுவிட்டது. ஆகஸ்ட் 31-ஆம் தேதி கட்டிய தாலியோடு வோடபோன் ஐடியா பிறந்தபோது கையில் 40.8 கோடி வாடிக்கையாளர்கள், நாட்டிலேயே முதல் இடம். தலைவர் பிர்லா பக்கம், சி.இ.ஓ. வோடபோன் பக்கம், கணக்கைப் பார்ப்பவர் ஐடியா பக்கம். தேர் வடத்தை இரண்டு ஊர்க்காரர்களுக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்த மாதிரி ஒரு பங்கீடு. அப்படிக் கொடுத்தால் தேர் எப்படிப் போகும் என்பது தேரடியில் நிற்பவர்களுக்குத் தெரியும்.

பிறகு வேலை ஆரம்பித்தது. ஒரே தெருவில் இரண்டு டவர், ஒன்று போதும். ஒரு வட்டத்தில் நோக்கியா கருவி, பக்கத்தில் எரிக்சன், அதற்கடுத்து ஹுவாவே, இவை ஒன்றோடொன்று பேசவேண்டும். இரண்டு பில்லிங் கணக்கு, இரண்டு டிஸ்ட்ரிபியூட்டர், இரண்டு ஏரியா மேனேஜர், ஒரு நாற்காலி. ஆண்டுக்கு 14,000 கோடி ரூபாய் மிச்சம் பிடிக்கலாம் என்று காகிதத்தில் போட்டிருந்தார்கள். மிச்சம் பிடிப்பது என்றால் டவரை அணைப்பது, ஆளைக் குறைப்பது. அணைத்த டவர் யார் வீட்டு மாடியில் இருந்ததோ அவருக்கு வாடகை போனது. அந்தத் தெருவுக்கு நெட் போனது. நெட் போனவர் ஜியோவுக்குப் போனார்.

இதில் நம்மவர்கள் மட்டும் ஏமாளிகள் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் 2005-இல் ஸ்பிரின்ட் கம்பெனி நெக்ஸ்டெல்லைச் சுமார் 3,500 கோடி டாலருக்குச் சேர்த்துக்கொண்டது. ஒருவர் நெட்வொர்க்கில் இன்னொருவர் போன் வேலையே செய்யாது, தொழில்நுட்பமே வேறு. அதைவிட முக்கியம், தலைமை அலுவலகம் எந்த ஊரில் என்பதில் சமாதானம் வரவில்லை. வர்ஜீனியாவின் ரெஸ்டனில் ஒன்று, கான்சாஸின் ஓவர்லாண்ட் பார்க்கில் ஒன்று என்று இரண்டாக வைத்துக்கொண்டார்கள். ஓவர்லாண்ட் பார்க்கிலும் ஒரு பால்கோவா இருந்திருக்கும்போல. மூன்று வருடம் ஆவதற்குள் ஏறத்தாழ 3,000 கோடி டாலரைக் கணக்கிலிருந்து அழித்தார்கள். 2013-இல் நெக்ஸ்டெல் நெட்வொர்க்கை நிறுத்தியேவிட்டார்கள். இத்தனைக்கும் அங்கே ஏ.ஜி.ஆர். கிடையாது.

ஏ.ஜி.ஆர். என்பது இதுதான்: கம்பெனி வருமானத்தில் அரசுக்கு ஒரு பங்கு. எது வருமானம் என்பதில் சண்டை. போன் பேசிய காசு மட்டும் என்றன கம்பெனிகள். வட்டி, வாடகை, பழைய சாமான் விற்ற காசு எல்லாமே என்றது அரசு. 2019 அக்டோபர் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அரசு சொன்னதே சரி என்றது. வோடபோன் ஐடியா தலையில் மட்டும் விழுந்தது 58,254 கோடி ரூபாய். அந்தக் காலாண்டுக்கு 50,922 கோடி ரூபாய் நஷ்டம் காட்டினார்கள். இந்தியக் கம்பெனி எதுவும் அதுவரை மூன்றே மாதத்தில் அவ்வளவு தொலைத்ததில்லை. அதே வருடம் ஏப்ரலில் ஒரு பங்கு 12.50 ரூபாய் என்று 25,000 கோடி திரட்டியிருந்தார்கள். நவம்பரில் பங்கு 3 ரூபாய் பக்கம் வந்து நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் காசுக்குப் பால்கோவா சுற்றிக் கொடுக்கும் இலையைக்கூடத் தரமாட்டார்கள். (தீர்ப்புக்கு முந்தின நாள்தான் பி.எஸ்.என்.எல்.லையும் எம்.டி.என்.எல்.லையும் இணைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 90,000-க்கு மேற்பட்ட ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வீட்டுக்குப் போனார்கள். இணைப்பு மட்டும் நடக்கவில்லை.)

2020 செப்டம்பரில் பெயரை 'வி' என்று சுருக்கினார்கள். அண்ணாச்சியின் ஷட்டரில் பெயின்ட் செலவு குறைந்ததுதான் அதன் முழுப் பலன். 2021 ஜூனில் குமார மங்கலம் பிர்லா மத்திய அரசுக்குக் கடிதம் எழுதி, கம்பெனியை நடத்தத் தகுதி உள்ள யாராக இருந்தாலும் என் பங்கைக் கொடுத்துவிடுகிறேன் என்றார். ஆகஸ்டில் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தார். அரசு தனக்கு வரவேண்டிய பாக்கியை 2023-இல் ஒரு முறை, 2025-இல் இன்னொரு முறை பங்குகளாக மாற்றிக்கொண்டது. இன்றைக்கு வோடபோன் ஐடியாவில் பெரிய பங்குதாரர் இந்திய அரசு, 48.99 சதவீதம். 40.8 கோடியாக இருந்த வாடிக்கையாளர் கூட்டம் 20 கோடிக்கும் கீழே. தனியார் கையில் கொடுத்தால்தான் உருப்படும் என்று 1994-இல் கிளம்பிய ஊர்வலம், ஹாங்காங், லண்டன், கேமன் தீவு எல்லாம் சுற்றிவிட்டு, டெல்லி சஞ்சார் பவன் வாசலில் வந்து செருப்பைக் கழற்றியிருக்கிறது.

இரண்டு போட்டிக் கம்பெனிகள் இணைந்தால் பலம் கூடும் என்பது ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குச் சொன்னது. நம் வட்டாரத்தில் இணைய வந்தவர்கள் எல்லாரும் மூன்றாவது ஆள் அடித்த அடியில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தவர்கள். ரிலையன்ஸும் ஏர்செல்லும் சாய்வதற்குள் விழுந்தன. வோடபோனும் ஐடியாவும் சாய்ந்துகொண்டு விழாமல் நிற்கின்றன, அதுவும் அரசு முட்டுக்கொடுத்திருப்பதால்.

புலி விஷயம் பாக்கி இருக்கிறது. ஏர்செல் போய் மூன்று வருடம் கழித்து, 2021 பிப்ரவரியில், ஊருக்கு மேற்கே இருக்கும் அதே மலையை ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள், ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அந்த அறிவிப்பில் ராஜபாளையத்தின் பெயர் இல்லை என்று அங்கே இன்னும் வருத்தம். 2022 கணக்கெடுப்பின்படி நாட்டில் புலிகள் சராசரியாக 3,682. ஏர்செல் செலவழித்த காசுக்குப் பலன் இருந்திருக்கிறது என்றுதான் சொல்லவேண்டும், பலன் போய்ச் சேர்ந்த முகவரிதான் வேறு.

கம்பெனிகள் இத்தனை மாறியும் மாறாமல் நின்றது அந்தப் பத்து இலக்கம் மட்டும்தான். 98430 வைத்திருப்பவர் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு பி.பி.எல்., ஹட்ச், வோடபோன், வி என்று நான்கு ஆட்சியைப் பார்த்துவிட்டார். 98420 இன்று ஏர்டெல்லிலோ ஜியோவிலோ குடியிருக்கிறது, எண்ணைப் பார்த்து ஜாதி சொல்லும் வித்தை செத்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையிலும், கடை போர்டிலும், வட்டிக்கடை நோட்டிலும், பேங்கிலும், ஆதாரிலும் இருப்பது அந்த எண்தான். ஆகவே 98420-இலோ 98430-இலோ தொடங்கும் பழைய சிம் ஒன்று வீட்டில் அம்மாவின் பட்டன் போனில் கிடந்தால், உடனே ஒரு ரீசார்ஜ் போட்டு, அதிலிருந்து யாருக்காவது ஒரு போன் அடித்துவிடுங்கள். 90 நாள் தொடாமல் விட்டால் எண்ணைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.